கேள்வி-பதில்: கண்டம் ஆன சிட்டி பஸ்ஸும் காதுல நிக்கற அந்த இன்ஜின் சத்தமும்

போன இதழ்ல பழைய டீசல் சிட்டி பஸ் பத்தி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதினேன். அதுக்கு வந்த கடிதங்களை அடுக்கி வச்சா இந்தப் பக்கம் முழுசும் பத்தாது போல இருக்கு. அதனால இந்த தடவை வேற எந்த சப்ஜெக்ட்டும் கிடையாது, முழுக்க பஸ்தான்.

கே: ரிட்டயர் ஆன சிட்டி பஸ்ஸுக்காக கண் கலங்கறவங்க உண்மையிலயே இருக்காங்களா சார்? ரயில், விமானம்னா புரியுது. பஸ்ல அப்படி என்ன இருக்கு?

இருக்காங்க, நீங்க நினைக்கறதை விட ரொம்ப அதிகம். 2022 நவம்பர்ல ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்ல, நடுவுல மடங்கற நீள பஸ்ஸான இக்காரஸ் 280க்கு விடை கொடுத்தப்ப அதுல கடைசியா ஒரு ரவுண்டு போகணும்னு அவ்வளவு பேர் வந்தாங்க. மால்டா தீவுல 2011 ஜூலையில பழைய பஸ்ஸை எல்லாம் ஒரே நேரத்துல நிறுத்தினாங்க, ஒவ்வொண்ணும் ஒரு தனி ஓனரோட கைவண்ணம், வேற வேற பாடி வேற வேற இன்ஜின், அந்த ஊர் ஆளுங்க இன்னிக்கும் அதை சொல்லி மாய்ஞ்சு போறாங்க. மும்பையில 2023 செப்டம்பர் 15 அன்னிக்கு கடைசி பழைய டீசல் டபுள் டெக்கரை அலங்காரம் பண்ணி வழியனுப்பினாங்க, ஒண்ணையாவது மியூசியத்துல வைங்கன்னு ரசிகர்கள் கேட்டது எல்லாம் பேப்பர்லயே வந்துச்சு.

ஏன்னு கேட்டா நான் இப்படித்தான் சொல்வேன். பத்து லிட்டர் டீசல் இன்ஜினுக்கு ரெண்டடி தள்ளி சாதாரண ஜனம் தினமும் உக்காந்துட்டு போற ஒரே இடம் சிட்டி பஸ்தான். ரயில் இன்ஜின் எங்கயோ முன்னாடி இருக்கு, விமானத்து இன்ஜின் ரெக்கைக்கு வெளிய இருக்கு. இக்காரஸ் 280ல பாருங்க, ராபா கம்பெனி ஜெர்மனியோட மேன் கம்பெனி லைசென்ஸ்ல பண்ண 10.35 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினை படுக்க வச்சு, முன் பாதி வண்டியோட ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல, தரைக்கு அடியில தொங்க விட்டிருப்பாங்க. நின்னுட்டு வர்ற ஆளோட செருப்புக்கு கீழேயே இன்ஜின் ஓடும், டிரைவர் கியர் மாத்தறது உள்ளங்கால்லயே தெரியும். அந்த மாதிரி வண்டி 60,000க்கு மேல பண்ணி பல நாட்டுக்கு அனுப்பினாங்க. இருபது வருஷம் அதுலயே ஸ்கூலுக்கும் வேலைக்கும் போன ஒருத்தருக்கு அந்த அதிர்வு உடம்புக்குள்ளயே போயிருக்கும், அது நின்னு போச்சுன்னா மனசு சங்கடப்படாம வேற என்ன பண்ணும்.

கே: பழைய அமெரிக்க பஸ் வீடியோ நிறைய பாக்கறேன். இன்ஜின் சத்தம் என்னமோ ரேஸ் வண்டி மாதிரி அலறுது, ஆனா பஸ் பாட்டுக்கு மெதுவாத்தான் கிளம்புது. ஏன் அப்படி?

இந்த கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன்! கொஞ்சம் நிதானமா சொல்றேன், ரெண்டு காரணம் இருக்கு.

முதல் காரணம் இன்ஜின். நீங்க பாத்தது பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸோட நியூ லுக் பஸ்ஸா இருக்கும், 1959ல வந்தது, முன் கண்ணாடி வளைஞ்சு பல துண்டா இருக்கும், மீன் தொட்டின்னு செல்லமா கூப்பிடுவாங்க. அமெரிக்காவுல 1977 வரைக்கும் கனடாவுல 1986 வரைக்கும் பண்ணாங்க, மொத்தம் 44,000க்கு மேல. அதுக்குள்ள பெரும்பாலும் இருந்தது டெட்ராய்ட் டீசல் 6வி71, சில வண்டியில பெரிய 8வி71. 71ங்கறது ஒரு சிலிண்டரோட கொள்ளளவு, 71 கன அங்குலம், ஆறு சிலிண்டருக்கு 426, அதாவது சுமார் 7 லிட்டர். இந்த 71 குடும்பம் 1938லயே பொறந்தது, ரெண்டாம் உலகப்போர்ல படை வீரர்களை கரை இறக்கின படகுலயும் சில ஷெர்மன் டாங்க்லயும் இதோட ஆறு சிலிண்டர் அண்ணன்தான் ஓடுச்சு.

இதோட விசேஷம் என்னன்னா இது டூ ஸ்ட்ரோக் டீசல். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். இதுல ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, 2100 ஆர்.பி.எம்.ல ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்னா செகண்டுக்கு 105 வெடிப்பு, டெட்ராய்ட்னா 210. உங்க காது அதை 4200 ஆர்.பி.எம்.ல ஓடற இன்ஜின்னு நினைச்சுக்கும், அதனாலதான் ரேஸ் வண்டி மாதிரி தெரியுது. இதுக்கு மேல இன்னொரு சுருதியும் கலந்திருக்கு. டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்கு தானா காத்து இழுக்கற ஸ்ட்ரோக்கே கிடையாது, அதனால ரூட்ஸ் ப்ளோயர்னு ரெண்டு ரோட்டர் சுத்தற ஒரு பெட்டி காத்தை உள்ள தள்ளிட்டே இருக்கணும், சிலிண்டரோட உள்சுவரான லைனரைச் சுத்தி இருக்கற ஓட்டை வழியா புது காத்து நுழைஞ்சு பழைய புகையை மேல இருக்கற எக்ஸாஸ்ட் வால்வு வழியா தள்ளிவிடும். அந்த ப்ளோயர் போடற ஊளைதான் வெடிப்பு சத்தத்துக்கு மேல மெல்லிசா கேக்கறது. இதே ப்ளோயரை கழட்டி பிற்காலத்துல டிராக் ரேஸ், அதாவது நேர்கோட்டுல சீறிப் பாயற ரேஸ் பசங்க பெட்ரோல் இன்ஜின் மேல மாட்டினாங்க, 6-71 ப்ளோயர்னு இன்னிக்கும் அந்த உலகத்துல அதுக்கு பேரு.

ரெண்டாவது காரணம் கியர் பாக்ஸ், இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. இன்ஜினை பின்னாடி குறுக்குவாட்டுல வச்சு, அதோட ஓரத்துல இருந்து சாய்வா ஒரு ஷாஃப்ட் ஆக்சிலுக்கு போகும், வி டிரைவ்னு சொல்வாங்க. அதுல பல வண்டிக்கு கியரே கிடையாது, இன்ஜின் சக்தியை ஆயில் வழியா கடத்தற ஒரு டார்க் கன்வெர்ட்டர் மட்டும்தான். ஸ்டாப்புல இருந்து எடுக்கும்போது இன்ஜின் நேரா உச்சத்துக்கு போய் அங்கேயே ஒரே சுருதியில நிக்கும், பஸ் மெதுவா மெதுவா வேகம் பிடிச்சு அதை எட்டிப் பிடிக்கும், ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் நேரடி கிளட்ச் லபக்குனு பிடிக்கும், அந்த நொடியில இன்ஜின் சத்தம் சரேல்னு பாதிக்கு இறங்கும். வீடியோவுல அந்த இடத்தை மட்டும் ஹெட்போன் போட்டு கேளுங்க, கேட்டீங்கன்னா உங்களுக்கும் இந்த பைத்தியம் பிடிச்சுடும்.

கே: கார்ட்னர், ஏ.இ.சி., லேலண்ட்... உங்க ஓட்டு எதுக்கு?

மூணும் பழைய பிரிட்டிஷ் பஸ் இன்ஜின் கம்பெனிங்க. என் ஓட்டு கார்ட்னருக்கு, யோசிக்கவே வேணாம். மான்செஸ்டர் பக்கம் பாட்ரிகிராஃப்ட்ல பண்ணது, 1958ல வந்த 6எல்எக்ஸ் 10.45 லிட்டர், 1700 ஆர்.பி.எம்.ல வெறும் 150 குதிரைதான், ஆனா மைலேஜுலயும் ஆயுசுலயும் அந்தக் காலத்து டெப்போ ஆளுங்க கையெடுத்து கும்பிட்ட இன்ஜின். மேலே சொன்ன டெட்ராய்ட்டுக்கு நேர் எதிர் குணம். ஐட்லிங்ல ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியா கேக்கும், ஜன்னல் கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடும், டிரைவர் ஆக்சிலேட்டரை தொட்டா அந்த ஆட்டம் டக்குனு நின்னு வண்டியே ஒரு கட்டா ஆகிடும். அதுக்கு ஈடு எதுவும் இல்ல எனக்கு.

கே: லண்டன் ரூட்மாஸ்டர் பஸ்ஸுக்கு 1990கள்ல இன்ஜினையே மாத்திட்டாங்களாமே. வேற இன்ஜின் போட்டா அது அதே பஸ்ஸா? ஒரிஜினல்னு எதை சொல்றது?

நல்ல கேள்வி, சண்டை வர்ற கேள்வியும் கூட. ரூட்மாஸ்டர்ங்கற அந்த சிவப்பு டபுள் டெக்கர் 1956ல முதல்ல ரோட்டுக்கு வந்தது, 1968 வரைக்கும் 2,876 வண்டி பண்ணாங்க. அலுமினியம் பாடி, பவர் ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், அந்தக் காலத்துக்கு அதெல்லாம் பெரிய விஷயம். அதுக்கு முந்தின ஆர்.டி. பஸ்ஸுல 56 சீட், இதுல 64 சீட், எடை கிட்டத்தட்ட அதேதான்னா அந்த டிசைனை என்ன சொல்றது. இன்ஜின் பெரும்பாலும் ஏ.இ.சி. 9.6 லிட்டர், கொஞ்சத்துக்கு லேலண்ட். 90கள்ல கம்மின்ஸ், இவேகோ, ஸ்கேனியான்னு வேற வேற இன்ஜின் ஏத்தினது உண்மைதான்.

ஒரிஜினல்னு பிடிவாதம் பிடிக்கறவங்க முதல்ல ஆல்டன்ஹாம் பட்டறை கதையை தெரிஞ்சுக்கணும். லண்டன் பஸ் எல்லாம் பெரிய ஓவர்ஹாலுக்கு அங்கதான் போகும். அங்க பாடியை அப்படியே தூக்கி கீழ்ப்பாகத்தை தனியா பிரிச்சு ரெண்டும் வேற வேற வரிசையில வேலைக்கு போயிடும். பஸ் உள்ள போன உடனே அதோட நம்பரையும் லைசென்ஸையும் ஏற்கனவே வேலை முடிஞ்சு ரெடியா நிக்கற இன்னொரு வண்டிக்கு கொடுத்து ரோட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதாவது ஒரு நம்பர்ல உள்ள போன பஸ்ஸும் அதே நம்பர்ல வெளிய வந்த பஸ்ஸும் ஒண்ணே கிடையாது, தகரம் வேற, இன்ஜின் வேற, எல்லாமே வேற. 1986ல அந்த பட்டறையை மூடற வரைக்கும் இப்படித்தான். அப்ப இந்த சேஸுக்கு இந்த பாடிதான் ஒரிஜினல்னு எங்க போய் தேடுவீங்க?

என் அபிப்பிராயம் இது. சர்வீஸ்ல ஓடிட்டு இருந்த வண்டிக்கு புது இன்ஜின் போட்டது சரியான முடிவு, அது போடலைன்னா 159ம் நம்பர் ரூட் 2005 டிசம்பர் 9 வரைக்கும் ரூட்மாஸ்டரோட ஓடியிருக்குமாங்கறது சந்தேகம்தான், அன்னிக்கு கடைசி வண்டியைப் பாக்க ரோடு முழுக்க கூட்டம். ஆனா சர்வீஸ் முடிஞ்சு ரசிகர் கைக்கு வந்த வண்டிக்கு அந்த சாக்கு கிடையாது. அதுக்கு ஏ.இ.சி. கிடைச்சா அதையே திரும்ப போடணும். அதே மாடல் இன்ஜினா இருந்தா போதும், நம்பர் பொருந்தணும்னு அவசியமில்ல, ஏன்னா அந்த வண்டி எழுப்ப வேண்டிய சத்தம் ஏ.இ.சி. சத்தம். பெயின்ட் ஷேடு சரியா இருக்கான்னு மாசக்கணக்கா ஆராய்ச்சி பண்றவங்க, பானெட்டுக்குள்ள எது கிடந்தா என்னன்னு விட்டுடறதைப் பாத்தா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

கே: டீசல் புகை கேன்சர் வரவைக்கும்னு சொல்றாங்க. அந்த வண்டிங்களை இப்படி கொண்டாடறது தப்பில்லையா?

சொல்றது மட்டும் இல்லங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூன்ல டீசல் புகையை முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உறுதியான லிஸ்ட்லயே சேர்த்துடுச்சு. டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக் போனதுக்கும் புகைதான் காரணம். அந்த டிசைன்ல கொஞ்சம் ஆயில் எரியறதை தவிர்க்கவே முடியாது, 90கள்ல அமெரிக்காவுல சிட்டி பஸ்ஸுக்குன்னே தனியா புகைக்கரி விதியை இறுக்கினதும் அதால தாக்கு பிடிக்க முடியல, அந்த இடத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் சீரிஸ் 50 வந்துச்சு. சீனாவுல ஷென்ஜென் நகரம் 2017 கடைசியில 16,000 பஸ்ஸுக்கு மேல மொத்தத்தையும் எலக்ட்ரிக்கா மாத்தினது எவ்வளவு பெரிய காரியம், அந்த ரோட்டோரத்துல இருக்கற குழந்தைங்க நல்ல காத்து சுவாசிக்கட்டும்.

தினமும் ஸ்டாண்டுல நூறு வண்டி புகை தள்ளறதும், பாதுகாத்து வச்ச ஒரு வண்டி வருஷத்துல சில நாள் வெளிய வர்றதும் ஒண்ணு கிடையாது. பழைய பஸ்ஸை ரோட்டுல இருந்து எடுக்கக் கூடாதுன்னு எந்த ரசிகரும் கேக்கல, நானும் கேக்கல. எடுத்ததுல ஒண்ணு ரெண்டை ஓடற நிலையில வைங்கன்னுதான் கேக்கறோம். ஒண்ணே ஒண்ணு, மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விட்டு சுத்தி நின்னு ரசிக்கறதை தயவுசெஞ்சு விடுங்க, கதவை திறந்து வெளிய கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்க.

கே: மியூசியத்துல நிக்க வச்சா போதாதா? ஓடியே ஆகணுமா?

ரோசா பார்க்ஸ் உக்காந்திருந்த பஸ்ஸுன்னா நிக்கறதே போதும். 1948ல பண்ண ஜி.எம். வண்டி, நம்பர் 2857. 1955 டிசம்பர் 1 அன்னிக்கு அமெரிக்காவுல மாண்ட்கோமரியில, வெள்ளைக்காரருக்காக சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு கறுப்பினத்தைச் சேர்ந்த அந்த அம்மா அதுல உக்காந்தாங்க. ரிட்டயர் ஆனதும் அந்த பஸ்ஸை ஒருத்தர் வாங்கி வயல்ல நிறுத்தி மரமும் சாமானும் போட்டு வைக்கற கொட்டகையா முப்பது வருஷம் வச்சிருந்தார், 2001 ஏலத்துல 4,92,000 டாலருக்கு ஹென்றி ஃபோர்டு மியூசியம் எடுத்து சரிபண்ணி வச்சிருக்கு. அதுல ஏறி அந்த சீட்டைப் பாக்கறதே போதும், இன்ஜின் ஓடுதா இல்லையான்னு யாருக்கும் கேக்கத் தோணாது.

மத்த வண்டிக்கு ஓடணும்ங்கறதுதான் என் கட்சி. இங்கிலாந்துல இம்பர்னு ஒரு கிராமம், 1943ல ராணுவ பயிற்சிக்காக ஜனங்களை காலி பண்ண வச்சுட்டாங்க, இன்னிக்கும் அங்க குடியிருப்பு கிடையாது. 2009ல இருந்து வருஷத்துல ஒரு நாள் பழைய லண்டன் பஸ்ஸுங்க அந்த ஊருக்கு உண்மையான சர்வீஸ் மாதிரியே டிக்கெட் போட்டு போகுது. மேடு ஏறும்போது இன்ஜின் திணறறதும் இறக்கத்துல கியர் முனகறதும் கேக்கணும்னா அப்படித்தான் கேக்க முடியும், கண்ணாடி அறைக்குள்ள பளபளன்னு நிக்கற வண்டியில அது வராது.

கே: நாங்க நண்பர்கள் சேர்ந்து கண்டம் பண்ண ஒரு பழைய சிட்டி பஸ்ஸை வாங்கலாம்னு இருக்கோம். என்னென்ன பாக்கணும்?

முதல்ல நிறுத்தற இடம். கூரை இல்லாம மழையில வெயில்ல நிறுத்தினா ரெண்டே வருஷத்துல வாங்கினப்ப இருந்ததை விட மோசமா போயிடும். இடம் உறுதி ஆகாம வண்டி விலை பேசவே போகாதீங்க.

அடுத்தது எலும்பு. இன்ஜின் மேல எவ்வளவு ஆசை இருந்தாலும் வண்டிக்கு கீழ படுத்து டார்ச் அடிச்சு, ஸ்பிரிங் பட்டை சேஸோட சேர்ற இடம், படிக்கட்டு அடி, வீல் வளைவு, பேட்டரி பெட்டி இதெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. பழைய பாடியில தகரத்துக்குள்ள மரச்சட்டம் இருந்தா அது மக்கியிருக்கும், வெளிய பெயின்ட் நல்லாத்தான் தெரியும். செத்த இன்ஜினுக்கு இன்னொண்ணு தேடிடலாம், மக்கின பாடிதான் உங்க சேமிப்பை எல்லாம் முழுங்கும். முடிஞ்சா அதே மாடல்ல இன்னொரு உடைஞ்ச வண்டியையும் சேர்த்து வாங்கிடுங்க, ஸ்பேர் பார்ட்ஸுக்கு அதை விட நல்ல கடை கிடையாது.

இன்ஜினை நேரா செல்ஃப் அடிக்காதீங்க. கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க, இறுகி இருந்தா அப்பவே தெரியும். டெட்ராய்ட் மாதிரி டூ ஸ்ட்ரோக்னா ஒரு வசதி இருக்கு, பிளாக்கோட பக்கத்துல சின்ன மூடி இருக்கும், அதைக் கழட்டிட்டு மெதுவா சுத்தினா லைனர் ஓட்டை வழியா பிஸ்டனும் ரிங்கும் கண்ணுக்கே தெரியும், ஹெட் இறக்காமலே ரிங் உடைஞ்சிருக்கா பிஸ்டன் கீறியிருக்கான்னு பாத்துடலாம். டேங்க் அடியில தண்ணி நிக்கும், அதை வடிச்சுடுங்க. டீசலும் தண்ணியும் சேர்ற இடத்துல கிருமி வளர்ந்து கறுப்பா கொழகொழன்னு பாசி மாதிரி ஆகியிருக்கும், அது ஃபில்டரை அடைச்சுடும். புது ஃபில்டர் போட்டு ஏர் லாக் எடுத்துட்டு, டீசலை கட் பண்ணி வச்சு ஆயில் பிரஷர் முள் ஏறற வரைக்கும் செல்ஃப்ல சுத்த விட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எப்படி நிறுத்தறதுன்னு முடிவு பண்ணுங்க, இதை ரெண்டு தடவை படிங்க. ரொம்ப நாள் நின்ன டீசல் இன்ஜின்ல, டீசல் அளவை கட்டுப்படுத்தற பம்ப் ராக் இறுகிப் போயிருந்தா இன்ஜின் தானா ரைஸ் ஆகிட்டே போகும், டூ ஸ்ட்ரோக்ல ப்ளோயர் சீல் போயிருந்தா தன் ஆயிலையே எரிச்சு ஓடும், சாவியை திருப்பினாலும் டீசலை கட் பண்ணாலும் நிக்காது. காத்தை அடைச்சாத்தான் நிக்கும். டெட்ராய்ட்ல அதுக்குன்னே ப்ளோயர் வாயில ஒரு அவசர மூடி வச்சிருப்பாங்க, அது அசையுதான்னு முதல்ல கையால பாத்துக்கங்க. மத்ததுக்கு கனமான பலகை ஒண்ணை கையோட வச்சுட்டு ஒருத்தர் ஏர் கிளீனர் பக்கம் நிக்கட்டும். கையையோ துணியையோ வச்சு அடைக்கவே கூடாது.

அப்புறம் பிரேக். ஏர் முழுசா ஏறினதும் இன்ஜினை நிறுத்திட்டு, பெடலை மிதிச்சு பிடிச்சுட்டே முள் இறங்குதான்னு பாருங்க, இறங்கினா ஹோஸோ சேம்பர் ரப்பரோ போயிருக்கு. டயர்ல பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயர் வெடிக்கும். பழைய ப்ரீ செலக்டர் கியர் பாக்ஸ் வண்டியா இருந்தா தெரிஞ்ச ஆள்கிட்ட கத்துக்காம ஓட்டாதீங்க, லிவர்ல அடுத்த கியரை முன்னாடியே வச்சுட்டு பெடலை அமுக்கினாத்தான் மாறும், அரைகுறையா அமுக்கினா பெடல் திருப்பி அடிக்கும், முட்டி பேந்துடும்.

கே: நான் காலேஜ் படிக்கறேன். எங்க பகுதியில ஓடற பழைய பஸ்ஸை சீக்கிரம் நிறுத்தப் போறாங்க. வாங்கற வசதி இல்ல. நான் என்ன பண்ணலாம் சார்?

ரெக்கார்ட் பண்ணு தம்பி. போட்டோ ஆயிரம் பேர் எடுப்பாங்க, சத்தத்தை ஒழுங்கா எடுக்கறவங்க ரொம்ப கம்மி. போன்ல எடுத்தா சத்தத்தை தானா ஏத்தி இறக்கற வசதியை ஆஃப் பண்ணிடு, இல்லைன்னா ஐட்லிங்கும் முழு ரைஸும் ஒரே அளவுல கேக்கும். மைக்குக்கு பஞ்சு உறை போடு, ஜன்னலோரம் வேணாம், காத்து சத்தம் மூடிடும். முன் இன்ஜின் வண்டின்னா டிரைவருக்குப் பின்னாடி முதல் சீட், பின் இன்ஜின்னா கடைசி சீட். கூட்டம் இல்லாத முதல் டிரிப்பா பாத்து ஏறு, நீ பேசாதே, முடிஞ்சா ஒரு பெரிய மேடு இருக்கற ரூட்டா தேர்ந்தெடு.

டிரைவர்கிட்ட, மெக்கானிக்கிட்ட போய் மரியாதையா விஷயத்தை சொல்லி கேளு, பெரும்பாலானவங்க சந்தோஷமா உதவுவாங்க. காலையில டெப்போவுல குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகறது, ஏர் ஏறி பஸர் நிக்கறது, கதவு மூடறது, முதல் கியர்ல இருந்து கடைசி கியர் வரைக்கும் போறது, இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டதும் வர்ற முனகல், கடைசியா இன்ஜின் ஆஃப் ஆகும்போது வண்டி உதறி நிக்கறது, இது அத்தனையும் தனித்தனி ஃபைலா வேணும். ஒவ்வொண்ணுக்கும் வண்டி நம்பர், இன்ஜின் மாடல், கியர் பாக்ஸ், தேதி, நீ உக்காந்த இடம், இதை அன்னிக்கே எழுதி வச்சுடு. அந்த மெக்கானிக்கையும் பேச வச்சு எடு, எந்த சத்தம் வந்தா எந்த பார்ட் போச்சுன்னு அவருக்கு தெரிஞ்சதை அவர் குரல்லயே வாங்கிடு, அவரும் ரிட்டயர் ஆகப் போறவர்தான்.